தில்லியில் பூட்டிய வீடுகளின் சொந்தக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மயூர் விஹார், பட்பர்கஞ்ச், ஜனக்புரி, துவாரகா, வசந்த் குஞ்ச் என்று தில்லி முழுக்கப் பரவியிருக்கும் தமிழ்ச் சொந்தங்களுக்கு,



கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். உங்களில் பலருக்குக் குடியிருக்கும் வீடு போக இன்னொரு வீடும் இருக்கிறது. தில்லி வளர்ச்சி ஆணையத்தின் (டி.டி.ஏ.) குலுக்கலில் விழுந்த வீடாக இருக்கலாம். ஆபீஸ் நண்பர்கள் சேர்ந்து கட்டிய கூட்டுறவு சொசைட்டியில் கிடைத்ததாக இருக்கலாம். மகன் வெளிநாடு போகும் முன் வாங்கிப் போட்டதாக இருக்கலாம். அதைப் பூட்டி வைத்திருந்தால் திறங்கள். நம் ஊரிலிருந்து வேலைக்கும் படிப்புக்கும் புதிதாக வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுங்கள். ஏற்கெனவே வாடகைக்கு விடுகிறவராக இருந்தால், ‘ஃபேமிலிக்கு மட்டும்’ என்ற நிபந்தனையை எடுத்துவிடுங்கள்.

வாடகையைக் குறையுங்கள் என்று நான் கேட்கவில்லை. நிபந்தனையைக் குறைத்தாலே வாடகை அவர்கள் கைக்கு எட்டிவிடும். எப்படி என்று கணக்குப் போட்டே சொல்கிறேன். எனக்கும் இந்த ஊரில் ஒரு வீடு உண்டு. எனவே வீட்டுக்காரர்களின் பயம் என்ன என்பது தெரிந்துதான் எழுதுகிறேன்.

முதலில், வருகிறவர்கள் யார்? எய்ம்ஸிலும் சப்தர்ஜங் மருத்துவமனையிலும் செவிலியராகச் சேரும் பெண்கள். ஸ்டாஃப் செலக்‌ஷன் தேர்வில் தேறி அமைச்சக அலுவலகங்களில் உட்காரப்போகும் இளைஞர்கள். 2022 முதல் க்யூட் நுழைவுத் தேர்வு எழுதித் தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் இடம் பிடித்து, ஹாஸ்டலில் இடம் கிடைக்காமல் வெளியே நிற்கும் மாணவர்கள். உச்ச நீதிமன்றத்தில் சீனியரிடம் ஜூனியராகச் சேரும் வழக்கறிஞர்கள். சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படிக்க வருகிறவர்கள்.

இவர்கள் கையில் எவ்வளவு இருக்கும்? மத்திய அரசு ஊழியருக்குத் தில்லி ‘எக்ஸ்’ வகை நகரம். 2024 ஜனவரியில் அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டதிலிருந்து வீட்டு வாடகைப்படி அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம். ஏழாவது ஊதியக் குழுவின் கணக்கில் 18,000 ரூபாயில் தொடங்கும் கடைநிலை ஊழியருக்கு அது 5,400 ரூபாய். 21,700-இல் தொடங்கும் காவலருக்கு 6,510 ரூபாய். 44,900-இல் தொடங்கும் செவிலியருக்கும் உதவிப் பிரிவு அலுவலருக்கும் 13,470 ரூபாய். சிவில் சர்வீஸ் முதல்நிலைத் தேர்வுக்குப் படிப்பவர்களில் தேர்ந்தெடுத்த ஆயிரம் பேருக்குத் தமிழக அரசு ‘நான் முதல்வன்’ திட்டத்தில் மாதம் 7,500 ரூபாய் பத்து மாதங்களுக்குக் கொடுக்கிறது. நல்ல திட்டம். ஆனால் பழைய ராஜேந்தர் நகரில் பத்துக்குப் பத்து அறையின் வாடகை அந்தப் பணத்தைத் தாண்டிவிடும். சாப்பாட்டுக்கும் கோச்சிங்குக்கும் வீட்டிலிருந்துதான் வர வேண்டும்.

மாத வாடகையைவிட முதல் மாதச் செலவுதான் ஆளைச் சாய்க்கிறது. 12,000 ரூபாய்க்கு ஓர் அறை பிடிக்கிறார்கள் என்று வையுங்கள். முதல் மாத வாடகை முன்பணமாக 12,000. செக்யூரிட்டி ஒரு மாதமோ இரண்டு மாதமோ, 12,000 முதல் 24,000 வரை. புரோக்கருக்குப் பதினைந்து நாள் வாடகை முதல் ஒரு மாத வாடகை வரை, அதாவது 6,000 முதல் 12,000. ஆகக் கதவைத் திறப்பதற்கு முன்பே 30,000 முதல் 48,000 வரை போய்விடுகிறது. அதன்பிறகுதான் மெத்தை, வாளி, காஸ், கூலர் எல்லாம். முதல் சம்பளம் மாதக் கடைசியில் வரும். பத்து மாத அட்வான்ஸ் கேட்டே பழகிய சென்னையிலிருந்து வருகிறவர்கள், தில்லியில் ஒரு மாதம்தான் கேட்கிறார்கள் என்று முதலில் சந்தோஷப்படுவார்கள். அந்தச் சந்தோஷம் புரோக்கரைப் பார்க்கும்வரைதான்.

பணத்துக்கு ஏற்ற இடம் என்று தேடும்போது அவர்கள் போய்ச் சேரும் இடங்கள் உங்களுக்குத் தெரியும். முனிர்கா, கட்வாரியா சராய், பேர் சராய், ஜியா சராய். தென் தில்லியின் நடுவே இந்தக் கிராமங்களில் மட்டும் வாடகை ஏன் குறைவு என்றால் அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1908-இல் ஆங்கிலேயர் நிலவரி வரைபடங்களில் கிராமத்துக் குடியிருப்பைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டார்கள். அந்த லால் டோராவுக்குள் நகரத்தின் கட்டட விதிகள் நெடுங்காலம் செல்லவில்லை. நகரம் பெருகி வந்து கிராமத்தைச் சூழ்ந்துகொண்டபோது, நிலத்தை இழந்த விவசாயிகள் மிஞ்சிய மனையில் மாடிக்கு மேல் மாடி கட்டி அறை அறையாக வாடகைக்கு விட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் பால்கனியிலிருந்து கைநீட்டி உப்பு வாங்கலாம். பகலிலும் விளக்குப் போட வேண்டும். தீயணைப்பு வண்டி உள்ளே வர வழியில்லை. இந்தக் கிராமங்கள் இல்லையென்றால் தில்லியில் ஏழை மாணவன் படித்திருக்கவே முடியாது என்பதும் உண்மை. அவற்றை நான் குறை சொல்லவில்லை. வேறு வழியே இல்லாமல் அங்கே போவதுதான் கவலை.

இன்னொரு வகை, மொட்டை மாடி பர்சாத்தி. ஒரு காலத்தில் எழுத்தாளர்களும் ஓவியர்களும் குடியிருந்த காதல் நினைவுகளின் இடம் அது. இன்று தகரமும் மெல்லிய கான்கிரீட்டும் போட்ட கூரைக்குக் கீழே மே மாதத்தை ஓட்டுவது என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜனவரியில் அதே அறையில் குளிர் எலும்பைத் தொடும்.

மூன்றாவது வகை, தட்டி வைத்துத் தடுத்த அறை. அதன் விளைவுதான் பயமூட்டுகிறது. 2023 ஜூன் 15 அன்று முகர்ஜி நகர் கோச்சிங் கட்டடத்தில் தீப்பிடித்தபோது மாணவர்கள் ஜன்னல் வழியே கயிற்றைப் பிடித்து இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். 2024 ஜூலை 27 அன்று பழைய ராஜேந்தர் நகரில் ஒரு கோச்சிங் மையத்தின் அடித்தள நூலகத்தில் மழைநீர் புகுந்து மூன்று பேர் இறந்தார்கள். அவை குடியிருக்கும் வீடுகள் இல்லைதான். ஆனால் அறையில் காற்றும் மேசையும் இருந்தால் நாளெல்லாம் அடித்தளத்தில் போய் யார் உட்காரப் போகிறார்கள்? ஒரு அறையை பிளைவுட் தட்டியால் மூன்றாகத் தடுத்து மூன்று பேருக்கு விடுகிற ஊரில், படிக்க இடம் தேடித் தரைக்குக் கீழே போகிறார்கள். வாடகை கட்டுப்படியாகாததன் விலையை இப்படியும் கொடுக்க வேண்டியிருக்கிறது.

நாம் வந்த கதையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1911-இல் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றுவதாக அறிவித்த பிறகு சர்க்கார் குமாஸ்தாக்களாக நம்மவர்கள் வரத் தொடங்கினார்கள். கோடையில் சிம்லா, குளிர்காலத்தில் தில்லி என்று ஆபீஸ் இடம் மாறிக்கொண்டிருந்த காலம். பிள்ளைகள் படிப்புக்காக 1923-இல் தொடங்கிய முயற்சிதான் இன்று ஏழு பள்ளிகளாக நிற்கும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகம். 1946-இல் தில்லித் தமிழ்ச் சங்கம் வந்தது. ஆர்.கே. புரத்தில் 1973-இல் மலை மந்திர் குடமுழுக்கு கண்டது. பள்ளிக்கூடமும் சங்கமும் கோயிலும் எழுவதற்கு முன்பே, எழுதப்படாத ஓர் ஏற்பாடு நம்மிடம் இருந்தது. அதுதான் புதிதாக வருகிறவனுக்கு இடம் கொடுப்பது.

கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கும் பையனின் சட்டைப் பையில் ஊர்க்காரர் ஒருவரின் முகவரி இருக்கும். கரோல் பாக்கில் ஒரு மேல்மாடி அறையில் நாலு பேரோடு ஐந்தாவதாகப் படுக்க இடம் கிடைக்கும். கீழே மெஸ். கல்யாணமானால், தன் முறை வந்து அரசுக் குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை, ஏற்கெனவே கிடைத்தவர் வீட்டில் ஓர் அறை. சரோஜினி நகரிலும் லட்சுமிபாய் நகரிலும் அப்படி எத்தனை தம்பதிகள் குடித்தனம் தொடங்கினார்கள்! அறையை உள்வாடகைக்கு விடுவது விதிப்படி சரியா என்று யாரும் யோசிக்கவில்லை. வந்தவனுக்கு இடம் வேண்டும், அவ்வளவுதான். இந்திரா பார்த்தசாரதியும் ஆதவனும் எழுதிய தில்லியின் அடியில் ஓடுவது இந்த வாழ்க்கைதான்.

அன்றைக்கு நமக்கு வீடு கொடுத்த இன்னொரு கூட்டத்தையும் மறக்கக் கூடாது. பிரிவினையில் எல்லாவற்றையும் இழந்து வந்து, ராஜேந்தர் நகரிலும் பட்டேல் நகரிலும் லாஜ்பத் நகரிலும் துண்டு மனை வாங்கி வீடு கட்டிய பஞ்சாபி அகதிகள். கீழே அவர்கள், மேலே நாம். மதராசி என்றால் ஒன்றாம் தேதி வாடகை வந்துவிடும், சண்டைக்கு வரமாட்டான் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. அவர்கள் வீட்டுத் தந்தூர் வாசனை நம் அறைக்கு வந்தது, நம் வீட்டுப் பெருங்காய வாசனை அவர்கள் முற்றத்துக்குப் போனது. என்ன சாப்பிடுவாய், என்ன சாதி என்று கேட்டு அவர்கள் வீடு கொடுத்திருந்தால் நம்மில் பாதிப் பேர் ஊருக்குத் திரும்பியிருப்போம்.

பிறகு காலம் மாறியது. 1979-இல் டி.டி.ஏ. அறிவித்த பதிவுத் திட்டத்தில் பணம் கட்டி, ஜனதா, எல்.ஐ.ஜி., எம்.ஐ.ஜி. என்று வகை பிரித்துக்கொண்டு வருடக்கணக்கில் காத்திருந்தோம். கடைசியில் யமுனைக்கு அந்தப்பக்கம் கிடைத்தது. ஜம்னாபார் என்று தென் தில்லிக்காரர்கள் முகம் சுளித்த மயூர் விஹாருக்கு மனமில்லாமல் போனோம். குருவாயூரப்பன் கோயில் வந்தது, பூக்கடை வந்தது, இட்லி மாவு வந்தது, மெட்ரோவும் வந்தது. குடியிருந்தவர்கள் வீட்டுக்காரர்களானோம். அந்த இடத்தில்தான் சங்கிலி அறுந்தது. பழைய குவார்ட்டர்ஸ்கள் இடிபட்டு அடுக்குமாடிகளாகின்றன. உள்வாடகை அறை ஒழிந்தது. முகவரிச் சீட்டு போய் புரோக்கரின் போன் நம்பர் வந்தது. வருகிற பிள்ளைகள் நம்மைத் தாண்டி முனிர்காவுக்குப் போகிறார்கள். நம் வீடு பூட்டிக் கிடக்கிறது.

ஏன் பூட்டுகிறோம்? நான் பேசிப் பார்த்த வரையில் முதல் காரணம் பயம். ‘உள்ளே விட்டால் காலி பண்ண மாட்டான்.’ இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1958-ஆம் ஆண்டின் தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியிருப்பவரை எளிதில் வெளியேற்ற முடியாதபடி காத்தது. கன்னாட் பிளேஸ் கடைகள் அந்தக் காலத்துச் சொற்ப வாடகையிலேயே தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது அதனால்தான். அந்தச் சட்டத்தை மாற்ற 1995-இல் நாடாளுமன்றம் ஒரு புதுச் சட்டம் நிறைவேற்றியது. வியாபாரிகளின் எதிர்ப்பால் அது நடைமுறைக்கே வரவில்லை. பழைய சட்டம் இன்னும் இருக்கிறது என்பது உண்மை.

ஆனால் 1988-இல் அதில் ஒரு திருத்தம் வந்தது. மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேல் இருந்தால் அந்தச் சட்டம் பொருந்தாது. இன்று எந்த ஃபிளாட்டின் வாடகை 3,500-க்குக் கீழே இருக்கிறது? உங்கள் வீட்டுக்குப் பொருந்துவது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். அதன்படி மாதாந்திர வாடகையை முடித்துக்கொள்ள எழுத்தில் பதினைந்து நாள் நோட்டீஸ் போதும். பன்னிரண்டு வருடம் இருந்தால் வீடு குடியிருப்பவருக்கே சொந்தமாகிவிடும் என்பது இன்னொரு வதந்தி. உங்கள் அனுமதியோடு, வாடகை கொடுத்துக் குடியிருப்பவருக்கு அப்படி ஓர் உரிமை பிறக்காது. நோட்டீஸ் கொடுத்தும் காலி செய்யாமல் ஒருவர் அடம்பிடித்தால் வழக்கு இழுக்கும், அதை நான் மறைக்கவில்லை. அந்த ஆபத்தைக் குறைக்க ஒப்பந்தம் இருக்கிறது, போலீஸ் சரிபார்ப்பு இருக்கிறது. இரண்டு வருடப் படிப்புக்கோ அடுத்த மாற்றல் வரையோ தங்க வந்த பிள்ளைக்கு உங்கள் ஃபிளாட்டைப் பிடித்துக்கொண்டு கோர்ட்டுக்கு அலைய நேரமும் இல்லை, பணமும் இல்லை.

இந்தப் பயம் நமக்கு மட்டும் உரியதல்ல. 2017-18 பொருளாதார ஆய்வறிக்கை, 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்து, இந்திய நகரங்களில் 1 கோடியே 11 லட்சம் வீடுகள் காலியாகக் கிடப்பதைச் சுட்டிக்காட்டியது. சொத்துரிமைத் தெளிவின்மையும் ஒப்பந்தங்களை நிறைவேற்றுவதில் உள்ள சிக்கலும் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்றது. ஒரு பக்கம் காலி வீடு, மறுபக்கம் வீடு கிடைக்காதவர்கள்.

பூட்டிய வீடு சும்மா இருப்பதில்லை, செலவு வைக்கிறது. சொசைட்டி மெயின்டனன்ஸ், சொத்து வரி, மின் இணைப்பின் நிலைக் கட்டணம் எல்லாம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். மழைக்காலம் முடிந்து திறந்து பார்த்தால் சுவரெல்லாம் ஈரக்கசிவு. அலமாரியில் கரையான். யாராவது புழங்கிக்கொண்டிருந்தால் குழாய் ஒழுகிய அன்றே உங்களுக்குத் தகவல் வந்திருக்கும்.

பயத்துக்கு அடுத்த காரணம் நிபந்தனைகள். ஃபேமிலிக்கு மட்டும். சைவம் மட்டும். அதற்கடுத்து, நேரடியாகக் கேட்காமல் ஊர், தெரு, கோத்திரம் என்று சுற்றி வந்து கேட்கும் கேள்வி. பெயரைக் கேட்டதுமே ‘வீடு போயிடுத்து’ என்று போனை வைக்கும் பழக்கம். இதைச் செய்வது ஏதோ வடக்கத்தி வீட்டுக்காரர்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நம் ஊர்ப் பிள்ளைகள் தமிழ் வீட்டுக்காரர்களிடமும் இதைக் கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். தமிழில் கேட்பதால் இன்னும் கொஞ்சம் அதிகமாக வலிக்கிறது. மதராசி என்று ஒரே சொல்லில் அடைத்தபோது நமக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் நியாயமானதென்றால் இதுவும் அநியாயம்தான்.

செவிலியர்கள் விஷயத்தில் இன்னொரு கேள்வி சேர்கிறது. ‘ராத்திரி எத்தனை மணிக்கு வருவீங்க?’ இரவு ஷிஃப்ட் பார்ப்பவள் ராத்திரி வரமாட்டாள், காலையில்தான் வருவாள். நமக்கு நெஞ்சுவலி வந்தால் நடுராத்திரியில் ஓடிப்போவது அவள் விழித்திருக்கும் வார்டுக்குத்தான்.

முதலில் சொன்ன கணக்கை இப்போது போடுகிறேன். உங்கள் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டுக்கு 24,000 ரூபாய் எதிர்பார்க்கிறீர்கள். ஃபேமிலிக்கு மட்டும் என்றால், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரே சம்பளக்காரரால் அதைத் தொட முடியாது. அதே வீட்டை மூன்று செவிலியர்கள் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு 8,000. வாடகைப்படியாக 13,470 வாங்குகிறவர்களுக்கு அதில் மின்சாரமும் சாப்பாட்டின் ஒரு பகுதியும் அடங்கிவிடும். நாலு மாணவர்கள் என்றால் ஆளுக்கு 6,000. உங்களுக்கு ஒரு ரூபாயும் குறையவில்லை. குறைந்தது ஒரு நிபந்தனை மட்டும்தான்.

இங்கே இன்னொரு கூட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த மடல் பாதி மடல்தான். 2025 ஜூன் 1 அன்று ஜங்புராவில் பாராபுலா வாய்க்கால் கரையில் இருந்த மதராசி கேம்ப், உயர் நீதிமன்ற உத்தரவின்படி இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகள். பல பத்தாண்டுகளாக அங்கே இருந்த தமிழர்கள். முதலில் 189 குடும்பங்களுக்குத்தான் மாற்று வீட்டுக்குத் தகுதி என்றார்கள். அந்த மாற்று வீடும் நரேலாவில், நகரத்தின் வடக்கு ஓரத்தில், ஏறக்குறைய 40 கிலோமீட்டருக்கு அப்பால். அந்தப் பெண்கள் ஜங்புரா, நிஜாமுதீன் பக்கத்து வீடுகளில் சமைத்தும் துலக்கியும் வாழ்ந்தவர்கள். காலை ஆறு மணி வேலைக்கு நரேலாவிலிருந்து எப்படி வருவது? பிள்ளைகள் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போவது? பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் அக்கம்பக்கத்தில் வாடகை அறை தேடி அலைந்தார்கள்.

நரேலாவில் டி.டி.ஏ. கட்டிய வீடுகள் ஆயிரக்கணக்கில் விற்காமல் கிடந்தன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தில்லியில் வீடு இல்லாமல் இல்லை. வேலைக்குப் போக முடிகிற இடத்தில், வாங்குகிற கூலிக்குள் வீடு இல்லை. உங்கள் வீடு மெட்ரோவுக்குப் பக்கத்தில், பள்ளிக்குப் பக்கத்தில், மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அரசாங்கம் கோடிக்கணக்கில் செலவழித்தும் உருவாக்க முடியாத அந்த வசதி உங்கள் பூட்டுக்குப் பின்னால் இருக்கிறது.

சரி, விடுவதென்றால் எப்படி விடுவது?

ஒப்பந்தம் எழுதுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும் என்பதால்தான் எல்லோரும் பதினொரு மாதத்துக்கு எழுதுகிறார்கள். அப்படியே எழுதுங்கள். ஆனால் குடியிருக்கும் மூன்று பேர் பெயரும் அதில் இருக்கட்டும். ஒருவர் பெயரில் மட்டும் எழுதினால் அவர் மாற்றலாகிப் போனதும் மற்றவர்கள் அந்தரத்தில் நிற்பார்கள். அடுத்த பதினொரு மாதத்துக்கு வாடகை எவ்வளவு கூடும் என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள். சுவருக்கு வெள்ளை, மோட்டார் ரிப்பேர், கீசர் யார் செலவு என்பதையும் எழுதுங்கள்.

போலீஸ் சரிபார்ப்பைச் செய்துவிடுங்கள். தில்லியில் குடியிருப்பவர் விவரத்தைக் காவல்துறைக்குத் தருவது வீட்டுக்காரரின் கடமை. இணையத்திலேயே செய்யலாம். உங்கள் பயத்துக்கு அதைவிட மலிவான மருந்து கிடையாது.

செக்யூரிட்டி ஒரு மாத வாடகையோடு நிறுத்துங்கள். மத்திய அமைச்சரவை 2021-இல் ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டம்கூட வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் கூடாது என்கிறது. காலி செய்யும் நாளில் வீட்டைச் சுற்றிப் பார்த்து அன்றே திருப்பிக் கொடுங்கள். ‘ஊருக்குப் போ, அனுப்புகிறேன்’ என்று சொல்ல வேண்டாம்.

மின் மீட்டரில் லாபம் பார்க்க வேண்டாம். 2019 ஆகஸ்டில் தில்லியில் மாதம் 200 யூனிட் வரை வீட்டு மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லை என்ற சலுகை வந்தது. 201 முதல் 400 வரை பாதிக் கட்டணச் சலுகை, உச்சவரம்பு 800 ரூபாய். அந்தச் சலுகையை வீட்டுக்காரர் தன் பில்லில் வாங்கிக்கொண்டு, சப்-மீட்டர் வைத்துக் குடியிருப்பவரிடம் யூனிட்டுக்கு எட்டு, பத்து ரூபாய் வசூலிப்பது இந்த ஊரில் சகஜம். குடியிருப்பவர் வாடகை ஒப்பந்தத்தைக் காட்டித் தன் பெயரிலேயே மீட்டர் வாங்கும் திட்டம் 2019-இலேயே வந்துவிட்டது. பில் என்ன வருகிறதோ அதையே அவர்கள் கட்டட்டும். கோடையில் கூலர் ஓடும் மாதங்களில் அந்த வித்தியாசம் அவர்களுக்குப் பெரிய தொகை.

வாடகையை வங்கி வழியாக வாங்கி ரசீது கொடுங்கள். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், பழைய வரி முறையில் வாடகைப்படிச் சலுகை கேட்பவர் உங்கள் பான் எண்ணைக் காட்ட வேண்டும். அதைக் கேட்டதும் முகம் மாறும் வீட்டுக்காரர்கள் நம்மிலும் உண்டு. வாடகை வருமானத்தில் சொத்து வரி போக 30 சதவீதத்தை நேராகக் கழித்துக்கொண்டுதான் வரி போடுகிறார்கள். ஓய்வூதியக்காரருக்கு அது ஒன்றும் தாங்க முடியாத சுமை இல்லை.

வீட்டைக் கொடுக்கும் முன் மாடித் தொட்டியைக் கழுவி, ஒயரிங்கைச் சரிபார்த்து, மொட்டை மாடிக் கதவு எப்போதும் திறக்கும்படி செய்யுங்கள். தீப்பிடித்தால் வெளியேற இரண்டாவது வழி அதுதான்.

பதிலுக்கு நீங்களும் கேட்கலாம். ஐந்தாம் தேதிக்குள் வாடகை, கேட்காமல் இன்னொருவரைச் சேர்க்கக் கூடாது, காலி செய்ய ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும், ராத்திரி பத்துக்கு மேல் சத்தம் கூடாது. இவற்றை ஒப்புக்கொள்ளாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. என்ன சமைக்கிறார்கள், யாரைக் கும்பிடுகிறார்கள் என்பது இந்தப் பட்டியலில் வராது.

கடைசியாக, நம் அமைப்புகளின் பொறுப்பில் இருப்பவர்களுக்கு. தமிழ்ச் சங்கத்திலும் ஏழு பள்ளிகளிலும் கோயில்களிலும் அறிவிப்புப் பலகைகள் இருக்கின்றன. கச்சேரி, உபன்யாசம், ஆண்டு விழா எல்லாம் அதில் ஒட்டுகிறோம். அதன் ஒரு மூலையை வாடகை வீடுகளுக்கு ஒதுக்குங்கள். வீட்டுக்காரர் பெயர், பகுதி, மாடி, வாடகை, செக்யூரிட்டி, மீட்டர் யார் பெயரில் என்பது மட்டும். கமிஷன் கிடையாது. வாரம் ஒருமுறை பழைய தாளைக் கிழித்துப் புதிய தாள் ஒட்ட ஒரு தன்னார்வலர் போதும். புரோக்கருக்குப் போகும் அந்த ஒரு மாத வாடகை மிஞ்சினால் ஒரு செவிலியர் தன் முதல் சம்பளத்தில் வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியும்.

கல்லூரிச் சேர்க்கை ஜூலை, ஆகஸ்டில் உச்சத்துக்கு வரும். அதற்கு முன் வெள்ளையடிக்கவும் மோட்டார் பார்க்கவும் உங்களுக்கு நேரம் வேண்டும். மே மாதத்துக்குள் முடிவெடுத்துவிடுங்கள். முடியாது என்று முடிவெடுத்தாலும் சரி, காரணத்தை வீட்டில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சட்டம் என்றால் மேலே பதில் இருக்கிறது. பணம் என்றால் கணக்கும் இருக்கிறது. அந்த இரண்டும் இல்லையென்றால், மிச்சமிருக்கும் காரணம் என்ன என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அன்புடன்,
கிழக்குத் தில்லியிலிருந்து, உங்களில் ஒருத்தி